ஸ்டுட்கார்ட் முதல் நகோயா வரை: கார்த் தொழிற்சாலைப் பயணம் பற்றி ஓசூரிலிருந்து ஒரு மதிப்புரை

நம் பகுதியில் விற்கப்படும் வெளிநாட்டுச் சுற்றுலாத் திட்டங்களில் இப்போதெல்லாம் ‘கார்த் தொழிற்சாலைப் பார்வை’ என்று ஒரு வரி சேர்ந்துகொள்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாகன உதிரிபாகத் தொழிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. பாரிஸ் கோபுரத்தையும் சுவிஸ் பனிமலையையும்விட ஜெர்மனியில் ஒரு அசெம்பிளி லைனைப் பார்ப்பதற்குப் பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் இங்கே உண்டு என்பதை முகவர்களும் புரிந்துகொண்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் முன்பணம் கட்டக் கூடாது. நான் சிப்காட்டில் ஜாப் ஒர்க் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த அண்ணன் மகனையும் அழைத்துக்கொண்டு ஜெர்மனிக்கும், பிறகு தனியாக ஜப்பானுக்கும் போய்வந்த பின், எந்த இடம் செலவழித்த பணத்துக்குத் தகும், எது தகாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முகவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்து முகவர் ஒருவர் தந்த திட்டத்தில் மூன்று கோளாறுகள் இருந்தன. ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு அவர் ஒதுக்கியிருந்தது ஒரு திங்கட்கிழமை. அங்கே மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகம், போர்ஷே அருங்காட்சியகம் இரண்டுக்குமே திங்கட்கிழமைதான் விடுமுறை. அடுத்து, ‘பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை’ என்று அவர் எழுதியிருந்தது உண்மையில் மியூனிக்கின் பி.எம்.டபிள்யூ. வெல்ட் கட்டடம். அது வாடிக்கையாளர்கள் தங்கள் புதிய காரைப் பெற்றுக்கொள்ளும் இடமும் காட்சிக்கூடமுமாகும். யார் வேண்டுமானாலும் இலவசமாக உள்ளே போகலாம். தொழிற்சாலை அதன் எதிரே தனியாக இருக்கிறது, அதற்கு வேறு அனுமதி, வேறு கட்டணம். மூன்றாவதாக, ‘பெராரி தொழிற்சாலை’ என்று இத்தாலியில் ஒரு நாளைச் சேர்த்திருந்தார். மரனெல்லோவில் பொதுமக்களைத் தொழிற்சாலைக் கூடங்களுக்குள் விடுவதில்லை. அருங்காட்சியகத்திலிருந்து பேருந்தில் ஏற்றி, வளாகத்தின் சாலையையும் பியோரானோ சோதனைத் தடத்தையும் வெளியிலிருந்து காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள், இறங்கக்கூட முடியாது. இவற்றைச் சுட்டிக்காட்டியபோது, “அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார், எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க” என்று பதில் வந்தது. அதோடு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, நாங்களே ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டோம்.

அப்படிச் செய்கிறவர்கள் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். விமானச் சீட்டைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வாசலிலேயே சீட்டு கிடைத்துவிடும். தொழிற்சாலைக்கு அப்படிக் கிடைக்காது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு, குறிப்பிட்ட மொழியில் வழிகாட்டியுடன் செல்லும் சிறு குழுக்களுக்கே அனுமதி. ஆங்கில வழிகாட்டி உள்ள குழுக்கள் குறைவு, அவை சீக்கிரம் நிறைந்துவிடும். வார இறுதியில் லைன் ஓடாது. ஆண்டு விடுமுறைக் காலத்திலும் பராமரிப்புக்காக லைனை நிறுத்தும் நாட்களிலும் பார்வை கிடையாது. ஆகவே தொழிற்சாலைத் தேதியை முதலில் உறுதி செய்து, அதைச் சுற்றி அருங்காட்சியகங்களை அடுக்கி, அதன் பிறகு விசாவையும் விமானத்தையும் பார்ப்பதே சரியான முறை. ஓசூரிலிருந்து பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் சில மணி நேர தூரத்தில்தான் இருக்கிறது என்பதால், சென்னை வழியாகப் போக வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை.

ஸ்டுட்கார்ட்டின் மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகம் 2006-இல் திறக்கப்பட்டது. நிறுவனத்தின் உண்டர்டர்க்ஹைம் தொழிற்சாலை வாசலை ஒட்டி நிற்கும் இந்தக் கட்டடத்தை யு.என். ஸ்டூடியோ என்ற டச்சுக் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. லிப்டில் உச்சித் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஒன்றையொன்று சுற்றிப் பின்னும் இரண்டு சாய்தளப் பாதைகளில் இறங்கிவர வேண்டும். ஒரு பாதை காலவரிசையில் நிறுவனத்தின் கதையைச் சொல்கிறது. மற்றொன்று பயன்பாட்டின் அடிப்படையில் பேருந்து, லாரி, தீயணைப்பு வண்டி, பிரமுகர்களின் கார் என்று பிரித்துக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையே தளத்துக்குத் தளம் மாறிக்கொள்ளலாம். சுமார் 160 வாகனங்கள் இருக்கின்றன. ஒலி வழிகாட்டிக் கருவியை நுழைவுச் சீட்டோடே தருகிறார்கள். காலை 9 மணிக்கு உள்ளே போனால்தான் அதைப் பொறுமையாகக் கேட்டு முடிக்க முடியும்.

உச்சித் தளத்தில், 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியின் முன் நாங்கள் நின்ற நேரம்தான் அதிகம். ஒற்றை சிலிண்டர், 954 சி.சி., முக்கால் குதிரைத் திறன் என்ற எண்களைப் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பின்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். இஞ்சினின் பிளைவீல் குயவரின் சக்கரத்தைப் போலத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அவ்வளவு கனமான சக்கரம் நிமிர்ந்து சுழன்றால், வண்டியைத் திருப்பும்போது அது திருப்பத்தை எதிர்த்துத் தடுக்கும் என்று பென்ஸ் அஞ்சியதே இதற்குக் காரணம். படுக்க வைத்துவிட்டதால், அந்தச் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லப் பற்சக்கரம், பெல்ட், சங்கிலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டியிருந்தது. ஒரு பயத்துக்காகச் செய்த தீர்வு எத்தனை உதிரிபாகங்களைக் கூட்டிவிடுகிறது என்பதைப் பட்டறைக்காரன் ஒருவன் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. 1886-ஆம் ஆண்டின் அசல் வண்டி மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்துக்குச் சொந்தமானது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அசலைத்தான் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்கள் அங்கே போகலாம். இதே வகை வண்டியை எடுத்துக்கொண்டு 1888-இல் கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்ற பெர்த்தா பென்ஸின் கதைக்கும் உரிய இடம் தந்திருக்கிறார்கள். வழியில் எரிபொருளுக்காக அவர் விஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் வாங்கியது, கறை நீக்கப் பயன்படும் ஒரு திரவம்.

இந்த அருங்காட்சியகத்தின் குறை என்னவென்றால், எல்லாமே பளபளப்பாக மெருகேற்றப்பட்டிருக்கிறது. வார்ப்பு எப்படிச் செய்தார்கள், கிராங்க் ஷாப்ட்டை எந்த இயந்திரத்தில் கடைந்தார்கள், அளவை எதைக் கொண்டு சரிபார்த்தார்கள் என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. குழந்தைகளுக்கும், ரேஸ் கார் பிரியர்களுக்கும், கட்டடக்கலை மாணவர்களுக்கும் நிறைவான இடம். டூல் ரூம் ஆட்களுக்குப் பாதி வயிறுதான் நிறையும். அருகிலுள்ள கான்ஸ்டாட் பகுதியின் பூங்காவில், காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் தங்கள் அதிவேக இஞ்சினை உருவாக்கிய சிறிய தோட்டவீட்டுப் பட்டறையை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். ஒன்பது தள மாளிகையில் கிடைக்காதது அந்தச் சிறிய அறையில் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டுட்கார்ட்டின் சூபன்ஹாவுசன் பகுதியில் 2009-இல் திறக்கப்பட்ட போர்ஷே அருங்காட்சியகத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மூன்று தூண்கள் தாங்கும் வெள்ளைக் கட்டடம், ஏறத்தாழ 80 கார்கள், இரண்டு மணி நேரம் போதும். கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை தெரியும். அன்றைக்கு அங்கே வேலை நடந்தால் நம் அதிர்ஷ்டம். எஸ்-6 ரயிலில் நோய்விர்ட்ஸ்ஹாவுஸ் நிலையத்தில் இறங்கினால் எதிரே அருங்காட்சியகம்.

மியூனிக்கின் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலைதான் ஜெர்மனிப் பயணத்தின் உயிர்நாடி. 1922-இலிருந்து இயங்கும் இந்த ஆலை நகரத்தின் நடுவே சிக்கிக்கொண்டு, விரிவடைய இடமில்லாமல், மேலும் கீழுமாகத் தளங்களில் வளர்ந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கார்கள் வெளிவருகின்றன. வழிகாட்டி எல்லோருக்கும் காதில் மாட்டும் கருவியைக் கொடுத்து, பிரஸ் ஷாப், பாடி ஷாப், பெயிண்ட் ஷாப், அசெம்பிளி என்று இரண்டு மணி நேரத்துக்கும் குறையாமல் நடக்க வைக்கிறார். படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இதை யோசித்துப் பதிவு செய்ய வேண்டும். புகைப்படம் எடுக்கக் கூடாது, செல்போனை வெளியே எடுக்கவே விடுவதில்லை.

வெல்டிங் ரோபோக்களின் கூட்டத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ரோபோ புதிதல்ல. எங்களை அசர வைத்தது அசெம்பிளி லைனில் பாகங்கள் வந்து சேரும் ஒழுங்குதான். நாங்கள் பார்த்தபோது ஒரே லைனில் பெட்ரோல் காருக்குப் பின்னால் முழு மின்சாரக் கார், அதற்குப் பின்னால் மற்றொரு வகை என்று கலந்து வந்துகொண்டிருந்தன. பெயிண்ட் முடிந்த காரின் கதவுகளைக் கழற்றி வேறொரு தடத்தில் அனுப்பி, கண்ணாடியும் வயரிங்கும் பொருத்திய பிறகு அதே காருக்கு அதே கதவைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். ஒரு இருக்கையின் நிறம் மாறி வந்துவிட்டால்கூட லைன் தடுமாறும். அந்த வரிசை தவறாமல் இருப்பதற்காகவே எங்களைப் போன்ற சப்ளையர்களை நேரக் கணக்கில் நெருக்குகிறார்கள் என்பது, நெருக்கப்படும் பக்கத்தில் இத்தனை காலம் நின்ற எனக்கு அங்கேதான் முழுதாக விளங்கியது. கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், காரணம் தெரிந்தது.

இந்த ஆலையில் 2027 இறுதியிலிருந்து மின்சாரக் கார்களை மட்டுமே தயாரிப்பதாக நிறுவனம் 2024-இல் அறிவித்தது. இஞ்சின் உற்பத்தி ஏற்கெனவே இங்கிலாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே இரண்டு யுகங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் காட்சி நெடுநாள் நீடிக்காது. பார்க்க விரும்புகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

எதிரே கிண்ண வடிவில் 1973-இல் கட்டப்பட்ட பி.எம்.டபிள்யூ. அருங்காட்சியகத்திலும் திங்கட்கிழமை விடுமுறைதான். கார்களைவிட மோட்டார் சைக்கிள் பகுதி எனக்குப் பிடித்தது. 1923-இன் ஆர் 32, அந்த நிறுவனத்தின் முதல் மோட்டார் சைக்கிள்; இரண்டு சிலிண்டர்களும் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்க, சங்கிலிக்குப் பதிலாக ஷாப்ட் மூலம் பின்சக்கரத்தை ஓட்டும் அமைப்பு அதிலேயே வந்துவிட்டது. அதன் முன் நின்றபோது அண்ணன் மகன், “சித்தப்பா, இதே முத்திரை போட்ட வண்டியை நம்ம ஊர்லயும்தானே அசெம்பிள் பண்றாங்க? இங்க யாருக்காவது அது தெரியுமா?” என்று கேட்டான். டி.வி.எஸ். மோட்டாரும் பி.எம்.டபிள்யூ.வும் 2013-இல் ஒப்பந்தம் செய்துகொண்டதன் விளைவாக, பி.எம்.டபிள்யூ.வின் ஜி 310 வரிசை மோட்டார் சைக்கிள்கள் ஓசூரில் தயாராகிப் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. அருங்காட்சியகத்தின் சுவரில் ஓசூரின் பெயரைத் தேடினோம், எங்கள் கண்ணில் படவில்லை. வழிகாட்டியாக வந்த பெண்மணிக்கு மட்டும் அது தெரிந்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் எல்லை தாண்டி பிரான்சின் முலூஸ் நகருக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும். நூற்பாலை முதலாளிகளான ஷ்லும்ப் சகோதரர்கள் ஆலைக் கட்டடத்துக்குள் யாருக்கும் தெரியாமல் நூற்றுக்கணக்கான பழைய கார்களை, குறிப்பாக புகாட்டிகளை, வாங்கிக் குவித்தார்கள். தொழில் நொடித்து ஆட்குறைப்பு வந்தபோது, 1977-இல் தொழிலாளர்கள் உள்ளே புகுந்து பார்த்தால், தங்கள் கூலிக்குப் பணமில்லை என்று சொன்ன முதலாளிகளின் பொக்கிஷம் வரிசையாக நின்றது. தொழிலாளர்கள் அதைக் கைப்பற்றித் தங்கள் பொறுப்பில் வைத்து மக்களுக்குத் திறந்து காட்டினார்கள். 1982-இல் அது முறையான அருங்காட்சியகமாயிற்று. தயாரானவையே ஆறு என்ற புகாட்டி ராயல் வகையில் இரண்டு அசல் கார்கள் இங்கே நிற்கின்றன. நானூறுக்கும் மேற்பட்ட கார்கள் ஒரே மாதிரி விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நீளுவதால் பாதியிலேயே கண் சோர்ந்துவிடும். இருந்தாலும், கார்களுக்காக இல்லாவிட்டாலும் அந்தத் தொழிலாளர் வரலாற்றுக்காகப் பார்க்கத் தகுந்த இடம்.

ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வசதி என்றால் நான் ஜெர்மனியைச் சொல்ல மாட்டேன், ஜப்பானின் நகோயாவைத்தான் சொல்வேன். அங்கே டொயோட்டா தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகம், டொயோட்டாவைத் தொடங்கிய டொயோடா குடும்பத்தின் பழைய நெசவாலை இருந்த இடத்தில், செங்கல் கட்டடங்களை இடிக்காமல் வைத்து 1994-இல் திறக்கப்பட்டது. முதல் பாதி முழுவதும் கார் கிடையாது, தறிதான். கார் பார்க்க வந்தவர்களில் சிலர் இதை வேகமாகக் கடந்துபோவதைக் கண்டேன். அது தவறு. சேலம், ஈரோடு பக்கம் விசைத்தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இந்தப் பகுதி மொழிபெயர்ப்பு இல்லாமலே புரியும்.

சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியை ஒரு பணியாளர் ஓட்டிக் காட்டுகிறார். குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவில் நூல் தீர்ந்ததும், தறி நிற்காமலே புதிய நாடா உள்ளே தள்ளப்படுகிறது. பிறகு அவர் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒன்றைக் கையால் அறுக்கிறார். அந்த நூலின் இழுவையால் மேலே நின்றுகொண்டிருந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று கீழே விழுகிறது, தறி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கேமரா இல்லை, சென்சார் இல்லை. கோளாறு வந்தால் இயந்திரம் தானே நிற்க வேண்டும், கெட்ட துணி ஒரு முழம்கூட நெய்யக் கூடாது என்ற இந்த ஏற்பாடுதான் பின்னாளில் கார்த் தொழிற்சாலையில் ஜிடோக்கா என்ற முறையாக வளர்ந்தது. ஓசூரில் எந்த ஆலைக்குள் போனாலும் ஜிடோக்கா, கைசன், 5 எஸ் என்று ஜப்பானிய உற்பத்தி முறைகளின் பெயர் எழுதிய பலகை சுவரில் தொங்கும். டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருது பெற்ற பிறகு சப்ளையர்களான எங்களுக்கும் அந்தப் பலகைகள் வந்து சேர்ந்தன. தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் துடைத்து வைக்கும் பலகையாகவே பலர் அதை நடத்துகிறோம். விழுந்த அந்தத் தகட்டைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பலகை வேறு மாதிரித் தெரிகிறது.

தறியின் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றதையும், சகிச்சியின் மகன் கிச்சிரோ 1933-இல் தறி ஆலைக்குள்ளேயே வாகனப் பிரிவைத் தொடங்கியதையும், 1936-இல் ஏ.ஏ. என்ற முதல் பயணிகள் கார் விற்பனைக்கு வந்ததையும் இரண்டாம் பாதி வரிசையாகச் சொல்கிறது. இங்கேயும் வெறும் கார்களை நிறுத்தி வைக்கவில்லை. இஞ்சின் வார்ப்பில் முதலில் எவ்வளவு வீணாயிற்று, தகட்டைச் சுத்தியலால் தட்டி பாடியை எப்படி உருவாக்கினார்கள் என்று பழைய பட்டறைகளை மறுபடி அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். உலோகத்தைக் காய்ச்சி அடித்து வடிவமைக்கும் போர்ஜிங் முதலியவற்றைக் கண்ணெதிரே செய்தும் காட்டுகிறார்கள். மெய்டெட்சு ரயிலின் சாக்கோ நிலையத்திலிருந்து சில நிமிட நடை. ஸ்டுட்கார்ட்டின் நுழைவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இங்கே மலிவு. விடுமுறை, வழக்கம்போல, திங்கட்கிழமை.

உண்மையான லைனைப் பார்க்க, சுமார் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள டொயோட்டா நகருக்குப் போக வேண்டும். அங்கே டொயோட்டா கைக்கான் காட்சிக்கூடத்திலிருந்து முன்பதிவு செய்தவர்களைப் பேருந்தில் ஆலைக்கு அழைத்துச் செல்கிறார்கள், கட்டணம் இல்லை. பி.எம்.டபிள்யூ.வில் நடந்ததைப் போல இயந்திரங்களுக்கு அருகே போக முடியாது, உயரத்தில் உள்ள நடைபாதையிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது ஒரு குறைதான். ஆனால் தொழிலாளி கயிற்றை இழுத்ததும், எங்கே கோளாறு என்று காட்டும் ஆண்டன் பலகையில் விளக்கு எரிந்து, குழுத் தலைவர் ஓடிவந்து உதவுவதை மேலிருந்து பார்த்தால்தான் முழுமையாகப் பார்க்க முடிகிறது. நேரம் மிச்சமிருந்தால் ஹமமட்சுவின் சுசுகி பிளாசாவும் இலவசம்தான், அதற்கும் முன்பதிவு வேண்டும். சுசுகியும் 1909-இல் தறி செய்யத் தொடங்கிய நிறுவனமே. டி.வி.எஸ்.-சுசுகி காலத்தில் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பெரியவர்கள் அங்கே தங்களுக்குத் தெரிந்த பல வண்டிகளைக் காண்பார்கள்.

விசா விஷயத்தில் இரண்டு சொல்கிறேன். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். தொழிற்சாலைப் பதிவுச் சீட்டையும் விண்ணப்பத்தோடு இணைத்தால் பயணத் திட்டம் நம்பகமாகத் தெரியும். ஆனால் சுற்றுலா விசாவில் போகிறவர் வணிகப் பேச்சுக்குப் போவதாகத் தோன்றும்படி கம்பெனிக் கடிதங்களைத் திணிக்க வேண்டாம். ஓசூர்க்காரருக்குப் பெங்களூரு மையம்தான் அருகில் என்றாலும், தமிழ்நாட்டு முகவரி எந்த மையத்துக்கு உட்பட்டது என்பதை நேரம் பதிவு செய்வதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஜெர்மனியில் பெரிய சிரமம் இல்லை. ஜப்பானில் குழம்பு வகை பலவற்றில் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், பருப்புப் பொடியும் உடனே கலந்து சாப்பிடும் அவலும் பெட்டியில் இருப்பது நல்லது. தொழிற்சாலைக்குச் செருப்பு போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், மூடிய ஷூ வேண்டும்.

ஓசூர் அசோக் லேலண்டில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போவதாக இருந்தால், லங்காஷயரில் லேலண்ட் என்ற அந்த ஊரிலேயே பிரிட்டிஷ் வணிக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லேலண்ட் ஆலை வளாகத்தில் 1983-இல் திறக்கப்பட்ட அங்கே லாரி, பேருந்து போன்ற வணிக வாகனங்களே காட்சிக்கு உள்ளன. பளபளக்கும் கார் ஒன்றும் கிடையாது. நான் இன்னும் போகவில்லை. வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்காது என்பதால், மான்செஸ்டரிலிருந்து ரயில் ஏறும் முன் திறப்பு நாளைப் பார்த்துக்கொள்ளவும்.